ஏழாம் வாசல் காவல்காரன்

வாருங்கள், உள்ளே வரலாம். ஆனால் தோளில் தொங்கும் அந்தப் பையை முதலில் இப்படிக் கீழே வையுங்கள். ஐயம் ஒன்றும் இல்லை, தம்பி, பழக்கம். என்ன இருக்கிறது அதில்? கேமரா. சரி. பையின் அடுத்த அறையில்? மைக். ஓரத்தில் அந்தச் சிறிய ஜிப்புக்குள்? கடலை மிட்டாய். நல்லது, மூடிக்கொள்ளுங்கள். இப்போது உட்காரலாம். அந்த நாற்காலி வேண்டாம். வாசலில் கிடப்பது என்னுடையது. நீங்கள் சோபாவில் அமருங்கள்.

என் மகள் மங்கையர்க்கரசி வீட்டில் இல்லை. பர்வீன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். பர்வீன் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் சேனலுக்குப் பேட்டி எடுக்க வந்திருக்கிறீர்களே, அந்தக் கணினி விளையாட்டுக்குப் படம் வரைந்த பெண். என் மகள் கணினிக்குக் கட்டளை எழுதுகிறவள், அந்தப் பெண் வரைகிறவள். இருவர்தாம். வேறு ஆளும் இல்லை, ஆதரவும் இல்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்துவிடுவாள். அதுவரை நீங்கள் காத்திருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சொல்லப்போனால், அவள் வருவதற்கு முன்பே நீங்கள் வந்தது நல்லதாயிற்று. உங்களிடம் எனக்குச் சில கேள்விகள் உண்டு.

பெயர் பிரகதீசுவரன் என்கிறீர்கள். சேனலில் ‘ஒத்தக்கை வீரன்’ என்று போட்டிருக்கிறதே? இரண்டு கைகளும் நன்றாகத்தானே இருக்கின்றன? புனைபெயர். ஓகோ. எங்கள் ஆலையிலும் ஒருவன் இரண்டு பெயர் வைத்திருந்தான். அவனுடைய சாப்பாட்டுத் தூக்குக்கும் இரண்டு அடிகள் இருந்தன. இரண்டாவது அடிக்குள் திருட்டு நூல். உங்களைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன்.

உள்ளிருந்து வரும் குரலைக் கேட்டீர்களா? என் மனைவி ருக்குமணி. “ஏனுங்க, வந்த பையனுக்குக் காப்பித்தண்ணி வேணுமான்னு கேட்டீங்களா, இல்ல சோதன போட்டே அனுப்பிப் போடறீங்களா?” என்கிறாள். அவள் அப்படித்தான். நீங்கள் பொருட்படுத்த வேண்டாம். கேமராவை மட்டும் இப்போது ஓட விடாதீர்கள். நான் சொல்லும்போது ஓடட்டும்.

நான் யார் என்பதை நீங்கள் அறிந்துகொள்வது முறை. சென்னியப்பன். பஞ்சாலையில் தலைமை வாயிற்காவலனாக இருந்து ஓய்வு பெற்றவன். வாட்ச்மேன் என்று சிலர் சொல்வார்கள், சொல்லட்டும். பள்ளிக்கூடம் என்னை ஐந்தாம் வகுப்போடு வெளியே அனுப்பிவிட்டது. அதன்பின் கற்றதெல்லாம் காவல் அறையில் நாளிதழ்த் தலையங்கங்களை வரி விடாமல் வாசித்துக் கற்றது.

ஆலை வாயிலில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் முடிந்து வெளியேறுகிறவர் ஒவ்வொருவரும் ஒரு மரப்பெட்டியின் துளைக்குள் கைவிட்டு ஒரு பந்தை எடுக்க வேண்டும். வெள்ளைப் பந்து வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் பையையும் தூக்கையும் திறந்து காட்ட வேண்டும். யார்மீதும் தனிப்பட்ட சந்தேகம் இல்லை என்று தெரிவிப்பதற்காக நிர்வாகம் செய்த ஏற்பாடு. எனக்கு அந்தப் பெட்டியின்மீது நம்பிக்கை இருந்ததே இல்லை. பெட்டிக்குக் கண் உண்டா? திருடனின் விரலுக்கு வெள்ளைப் பந்து அகப்படாதா? ஆகவே வெள்ளை எடுத்தவர்களையும் நிறுத்துவேன். நூல் பிரிவில் வேலை பார்த்த ருக்குமணியை, நான் கட்டிய தாலியின் மஞ்சள் காய்வதற்கு முன்பே, வரிசையில் நிறுத்தித் தூக்கைத் திறக்கச் சொன்னவன் நான். அவள் கையில் வெள்ளைப் பந்துதான் இருந்தது. “உள்ள என்னங்க இருக்கும், காலைல நீங்க மிச்சம் வெச்ச பழைய சோறுதான்” என்றாள். வரிசை முழுவதும் சிரித்தது. சிரிக்கட்டும். நேர்மைக்கு உறவு கிடையாது.

அந்த ஒழுங்கு இந்த வீட்டிலும் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அரசி, வீட்டில் அவளை அப்படித்தான் அழைப்போம், இந்த வாசற்படியில் நின்று, என் நாற்காலிக்கு நேரே பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே வருவாள். நான் கேட்டதே இல்லை. கேட்காமலே காட்டுவாள். வளர்ப்பு அப்படி. கல்லூரிக்குப் போனபோதும் காட்டினாள். வேலைக்குப் போனபோதும் காட்டினாள். அந்த வேலையை உதறிவிட்டு விளையாட்டு ஒன்றைச் செய்யப்போகிறேன் என்று வந்து நின்ற அன்றுகூட, முதலில் பையைத் திறந்து காட்டினாள். பிறகுதான் செய்தியைச் சொன்னாள்.

இந்த மழைக்காலத்தில்தான் அது நின்றது. ஒரு நாள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, என்னைத் தாண்டி நேரே உள்ளே போனாள். மறுநாளும் அப்படியே.  இரண்டு நாளும் பார்த்துக்கொண்டேன். ருக்குமணியிடம் கேட்டேன். “அந்தப் பைல ஒண்ணுமில்லீங்க, கொடையும் சோத்து டப்பாவும்தான். நானே பாத்தனே” என்றாள். ஒன்றும் இல்லாத பையை ஒருத்தி எதற்கு மறைக்க வேண்டும்? இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று புரிந்துகொண்டேன்.

அதன்பின் நான் கவனித்தவற்றையும் சொல்கிறேன். ஒரு நாள் கொல்லைப்புறத்தில் தொப், தொப் என்று சத்தம். போய்ப் பார்த்தால் அரசி வெட்டரிவாளால் வாழைமரத்தை வெட்டிக்கொண்டிருக்கிறாள். பர்வீன் கைபேசியை நீட்டியபடி குந்தியிருக்கிறாள். “என்னம்மா இது?” என்றேன். “பூதத்தை வெட்டற சத்தம்ப்பா, கேமுக்கு” என்றாள். குலை தள்ளாத மரம், தம்பி. அந்த வாரம் முழுவதும் வாழைத்தண்டுப் பொரியல், வாழைத்தண்டுக் கூட்டு, வாழைத்தண்டுப் பச்சடி. “சாப்பிடுங்க, பூதம் நல்லாத்தான் வெந்திருக்குது” என்று பரிமாறினாள் ருக்குமணி.

இன்னொரு நாள் இந்த நாற்காலியில் அமர்ந்து இருமிக்கொண்டிருந்தேன். பஞ்சுத் தூசி தந்த இருமல். எப்போதும் சிறியதாக இரண்டு, பின்னால் பெரியதாக ஒன்று. தற்செயலாகத் திரும்பினால் ஜன்னல் விளிம்பில் அதே கைபேசி, சிவப்புப் புள்ளி எரிந்தபடி. “சார்ஜ் போட்டிருக்கேன்ப்பா” என்றாள் அரசி. ஒயர் இல்லாமல் சார்ஜ் ஏறுமா? நீங்களே சொல்லுங்கள்.

நிற்க. செய்தி கடைசியில் அவள் வாயாலேயே வந்தது. “அப்பா, புனேல ஒரு கம்பெனி. எங்க கேமைப் பாத்துட்டு ரெண்டு பேரையும் வேலைக்குக் கூப்பிடறாங்க. பெரிய கேமெல்லாம் பண்றவங்க.” ஒரு தகப்பன் கேட்க வேண்டியவற்றை நான் கேட்டேன். அங்கே யார் இருக்கிறார்கள்? எங்கே தங்குவாய்? இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை? பையில் என்னத்தை மறைத்தாய்?  சுவரில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்தாள். பிறகு சொன்னாள்: “என் கேமை நீங்க வெளையாடுங்கப்பா. ஏழு வாசலும் தாண்டோணும். தாண்டிட்டு, அப்பறமும் போகாதேன்னு சொன்னீங்கன்னா நான் போகல. சத்தியமா. ஆனா தாண்டோணும்.”

“நான் விளையாடுவதா?” என்றேன். “எம் புருசன் டிவி ரிமோட்டையே தலைகீழாப் புடிக்கறவரு” என்று உள்ளிருந்து ஒரு குரல். அந்த ஒரு வார்த்தைக்காகவே ஒப்புக்கொண்டேன்.

நாளைக் காலை அவள் புனேக்காரர்களுக்குப் பதில் அனுப்ப வேண்டும். ஆகவே இன்று விளக்கு வைக்கும் நேரத்தில் நான் அவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். என் பதில் ஆயத்தமாக இருக்கிறது. ‘போகாதே’ என்பதுதான். ஆனால் ஏழாம் வாசலைத் தாண்டாமல் அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. கொடுத்த வாக்கு வாக்குதான். இங்கேதான், தம்பி, என் ஐயம் முழுவதும் மையம் கொண்டிருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். மகள் செய்தது என்பதால் நான் குறைத்தும் சொல்ல மாட்டேன், கூட்டியும் சொல்ல மாட்டேன். இப்போது கேமராவை ஓட விடலாம்.

‘ஏழாம் வாசல்’ என்னும் இவ்விளையாட்டு, கையில் வெட்டரிவாள் ஏந்திய ஒரு பெண், பாழடைந்த ஆலை போன்றதொரு கோட்டைக்குள் புகுந்து, எதிர்ப்படும் பூதங்களை வெட்டிச் சாய்த்துக்கொண்டே ஏழு வாசல்களைக் கடந்து வெளியேறுவதைப் பற்றியது. கதை அவ்வளவே. வெட்டுவதே தொழில்.

முதல் நிறை, வெட்டின் கனம். அரிவாள் பூதத்தின்மீது பாயும் கணத்தில் திரை இமைக்கும் நேரம் அசையாமல் நிற்கிறது. பிறகுதான் பூதம் சாய்கிறது. அந்த ஒரு கணத்தில் உங்கள் மணிக்கட்டிலேயே வெட்டு விழுந்ததுபோல் இருக்கிறது. வாழைமரம் வீண்போகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது, இரத்தம் இல்லை. வெட்டினால் பஞ்சு பறக்கிறது. இரத்தத்தை ஓடவிட நல்ல கணினியும் நிறைய ஆளும் வேண்டுமாம். பஞ்சுக்கு வெள்ளைப் புள்ளிகள் போதுமாம். பர்வீன் சொன்னாள். இல்லாமையால் வந்த அழகு அது. ஒரு பெருங்கூட்டத்தை வெட்டி முடித்துவிட்டு நின்றால், கூடம் முழுவதும் பஞ்சு மெதுவாக இறங்கும். நூற்பு அறையில் காலை வெயில் விழுவதுபோல இருக்கும். நான் அங்கே சற்று நேரம் வெட்டாமல் நின்றதுண்டு.

மூன்றாவது, விலகல். அடி வரும் நேரத்தில் பொத்தானை அழுத்தினால் அந்தப் பெண் பக்கவாட்டில் சரிந்து தப்பிக்கிறாள். கிழவனின் விரலுக்கும் அவகாசம் தருகிறது. சற்றுத் தாமதமாக அழுத்தினாலும் மன்னித்துவிடுகிறது. இந்தத் தாராளம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டு வழக்கம் அன்று அது.

நான் நன்றாக விளையாடினேன் என்பதையும் பதிவு செய்யுங்கள். கட்டைவிரல் வீங்கியது, ருக்குமணி தைலம் தேய்த்தாள், மறுபடி விளையாடினேன். கூட்டத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஷிப்ட் விடும் நேரத்தில் வாயிலில் நின்றவன் நான். நடுவில் நிற்கக்கூடாது. குறுகிய இடத்தில் போய் நின்றுகொண்டால், ஆயிரம் பேரானாலும் ஒவ்வொருவராகத்தான் வர முடியும். பூதமும் அப்படியே. கதவிடுக்கில் நின்று ஒவ்வொன்றாக நிறுத்தி, ஒவ்வொன்றாக வெட்டினேன். பர்வீன் வாயைப் பிளந்தாள். “அங்கிள், கேம் பண்ணுன நாங்களே இப்படி வெளையாடுனதில்ல. பூதத்தையெல்லாம் கியூவுல நிக்க வெச்சுட்டீங்களே!” என்றாள். அரசி சிரிக்கவில்லை. “அப்பாவுக்கு வாசல் கெடச்சாப் போதும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். பாராட்டாகத்தான் சொன்னாள் என்று எடுத்துக்கொண்டேன்.

இனி, குறைகள். இவையும் பதிவாக வேண்டும்.

பூதங்களுக்கு மூன்றே முகங்கள். பச்சை வண்ணத்தில் வந்தவன் இறந்துபோய், அடுத்த வாசலில் நீல வண்ணத்தில் வருகிறான். அதே மூக்கு, அதே பல். செத்தவன் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தால் எனக்கு அடையாளம் தெரியாதா? எல்லாப் பூதங்களுக்கும் பர்வீனின் குரல். அதைக் கனமாக்கி ஓட விட்டிருக்கிறார்கள். ஒரு பூதம் சாகும்போது “யா அல்லா” என்றுவிடுகிறது. நீக்க மறந்துவிட்டார்களாம். படிக்கட்டில் ஏறினால் காலடிச் சத்தம் இல்லை. கேமரா, அதாவது நாம் பார்க்கும் பார்வை, அந்தப் பெண்ணின் பின்னாலேயே வர வேண்டியது; தூண் குறுக்கிட்டால் தூணைக் காட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. தூணுக்கு அந்தப் பக்கம் அடிவாங்குகிறோமா, அடிக்கிறோமா என்பது கடவுளுக்கே வெளிச்சம். நடுவில் செத்தால், அந்த வாசலின் தொடக்கத்திலிருந்து மறுபடி எல்லாவற்றையும் வெட்ட வேண்டும்.

இன்னொரு பெருங்குறை, பயனற்ற பொருள்கள். அந்தப் பெண்ணிடம் ஒரு பை இருக்கிறது. வழியில் அகப்படுவதெல்லாம் அதற்குள் போய்விடும். பச்சிலை இருக்கிறது, அது காயத்தை ஆற்றும், சரி. ஆனால் தூக்கின் மூடி எதற்கு? ஒற்றைக் கம்மல் எதற்கு? பாதி கடித்த கொய்யாக்காய் எதற்கு? ஒவ்வொரு வாசலைத் தாண்டும்போதும் ஒரு வெள்ளைப் பந்து வந்து விழுகிறது. எறியவும் முடியவில்லை, விற்கவும் முடியவில்லை. ஒரு பொருளை வைத்தால் அதற்கொரு வேலை இருக்க வேண்டாமா? ஆலையில் இருந்து எடுத்த பந்து என்பதுகூட எனக்குத் தெரியாமல் இல்லை. அதைப் பெண்ணின் பைக்குள் வைத்தது எனக்கு ஏதோ குத்தல்போலத்தான் பட்டது.

இப்போது ஏழாம் வாசல். கேமராவை நிறுத்துங்கள். இது உங்கள் சேனலுக்கு அல்ல.

ஆறு வாசல்களைக் கடந்தேன். ஏழாவதன் முன்னால் பெரிய கூட்டம் இருக்கும், பத்துத் தலைப் பூதம் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால், ஒரு நாற்காலி கிடக்கிறது. இதோ, இதே போன்ற நாற்காலி. ஒருவன் அமர்ந்திருக்கிறான். காக்கிச் சட்டை. நரைத்த மீசை. ஒரு காது உடைந்த கண்ணாடியை நூலால் தலையோடு கட்டியிருக்கிறான். அப்படி என் முகத்தைப் பார்க்காதீர்கள். நூல் கட்டிய கண்ணாடி ஊரில் ஆயிரம் பேரிடம் இருக்கும். அவன் எழுகிறான். எழுந்தவுடன் இருமுகிறான். சிறியதாக இரண்டு. பின்னால் பெரியதாக ஒன்று.

அரிவாளை ஓங்கினேன். கோபத்தில்.

“தெறந்து காட்டு” என்கிறான். வேறு பேச்சே இல்லை. நான் வெட்டினேன். பஞ்சு பறந்தது, அவன் சாயவில்லை. மறுபடி வெட்டினேன். மறுபடி பஞ்சு, மறுபடி “தெறந்து காட்டு.” அவன் திருப்பி அடிப்பதும் இல்லை. நெருங்கினால் இரண்டு கைகளாலும் தள்ளிவிடுகிறான், அவ்வளவுதான். திருப்பி அடிக்காத எதிரி ஓர் எதிரியா? என்ன விளையாட்டு இது? நேற்று முழுவதும் வெட்டினேன். இன்று காலை வெட்டினேன். நீங்கள் மணியடிக்கும் வரை வெட்டிக்கொண்டிருந்தேன். அரிவாள் மொண்ணையாகிறது, அவன் குறைவதே இல்லை.

ருக்குமணியை அழைத்துக் காட்டினேன். “இது யாரைப் போல இருக்கிறது?” என்றேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “நான் எப்போது ‘திறந்து காட்டு’ என்று வீட்டில் சொன்னேன்? ஒரு முறையாவது சொன்னதுண்டா?” என்றேன். “வாயால சொல்லோணுமாங்க? நீங்க அந்தச் சேர்ல உக்காந்து பாக்கற பார்வையே சொல்லுமே” என்றாள். இவளும் கூட்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இப்போது என் ஐயத்தைச் சொல்கிறேன், நிதானமாகக் கேளுங்கள். தாண்டவே முடியாத ஒரு வாசலை அவள் வேண்டுமென்றே வைத்திருக்கிறாள். தாண்டினால்தானே நான் ‘போகாதே’ என்று சொல்ல முடியும்? தாண்ட முடியாவிட்டால் நான் வாய் திறக்க முடியாது, அவள் புறப்பட்டுவிடுவாள். தகப்பனின் முகத்தை வைத்தே தகப்பனின் வாயை அடைக்கும் சூழ்ச்சி. நெஞ்சு பொறுக்கவில்லை, தம்பி. நான் எத்தனையோ திருட்டுகளைப் பிடித்தவன். இதைப் போல நேர்த்தியாக ஒருவரும் செய்ததில்லை.

ஏன் சிரிக்கிறீர்கள்?

இல்லை, சிரித்தீர்கள். உதடு அசைந்தது. நீங்கள் இந்த விளையாட்டை முழுவதும் ஆடியதாகச் சொன்னீர்கள் அல்லவா? ஏழாம் வாசலைத் தாண்டினீர்களா? ...தாண்டினீர்கள். எப்படி? வேறு ஆயுதம் உண்டா? இரகசிய வழியா? பர்வீன் ஏதாவது திறவுகோல் கொடுத்தாளா? ஏன் தயங்குகிறீர்கள்? மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் பையை நான் பார்த்தாயிற்று, மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது?

என்ன?

மறுபடி சொல்லுங்கள்.

பையைத் திறப்பதா? அவன் முன்னாலா? அவன் திறந்து காட்டச் சொல்கிறான், ஆகவே திறந்து காட்டுவது... அவ்வளவுதானா? அரிவாளைத் தாழ்த்திவிட்டு, பைப் பொத்தானை அழுத்துவது. அவ்வளவுதான். நீங்களும் அரை நாள் வெட்டிவிட்டுத்தான் கண்டுபிடித்தீர்களா. சரி, சரி, எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம்.

எனக்கு ஏன் தோன்றவில்லை என்கிறீர்களா? எப்படித் தோன்றும்? பணியில் இருந்த காலம் முழுவதும் அந்த வார்த்தையைச் சொன்னவன் நான். என்னிடம் எவன் சொல்லியிருக்கிறான்? முதலாளியே சொன்னதில்லை. சொல்லுகிறவனுக்கு அதன் பொருள் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை.

அந்த விளையாட்டுக் கருவியை இப்படிக் கொடுங்கள். மடிக்கணினியைச் சற்றுத் திருப்புங்கள், வெளிச்சம் படுகிறது. இதோ, நாற்காலி. இதோ, எழுகிறான். இருமல். கேட்டீர்களா? இரண்டு, ஒன்று. “தெறந்து காட்டு.” எந்தப் பொத்தான்? மேலே இருப்பதா. வெட்டக்கூடாது, இல்லையா? கை தானாக வெட்டப் போகிறது. பொறுங்கள்.

திறந்தாயிற்று.

குனிகிறான். பைக்குள் பார்க்கிறான். ஒன்றையும் தொடவில்லை. தூக்கு மூடியைப் பார்க்கிறான், கம்மலைப் பார்க்கிறான், கொய்யாவைப் பார்க்கிறான். பந்துகளைப் பார்க்கிறான். என்ன சொன்னான்? சத்தத்தைக் கூட்டுங்கள்.

“எல்லாம் வெள்ளதான். போ, கண்ணு.”

அப்படியா சொன்னான்? ‘போ, கண்ணு’ என்றா?

நான் அப்படிச் சொன்னதே இல்லை, தம்பி. ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது தெளிவாகிவிட்டது, இவன் நான் இல்லை. இருமலை மட்டும் என்னிடமிருந்து எடுத்திருக்கிறாள், ஆள் வேறு. இவளாக ஒருவனைக் கற்பனை செய்து வைத்திருக்கிறாள்.

நாற்காலியை எடுத்து ஓரமாக வைக்கிறான். வாசல் திறந்துவிட்டது. அந்தப் பக்கம் ஒன்றும் வரையவே இல்லையே? வெறும் வெளிச்சம். ஆள் போதாமல் விட்டுவிட்டார்கள். இதுவும் ஒரு குறை. அவள் போகிறாள்... நான் பொத்தானை அழுத்தினால்தான் போகிறாள். விட்டால் நின்றுவிடுகிறாள். நின்று திரும்பிப் பார்க்கிறாள். அழுத்துகிறேன். போ. இதென்ன, கேமரா மறுபடியும் கோளாறு! அவளோடு போக வேண்டிய பார்வை, இந்தக் காவல்காரனின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டதே. அவள் சிறிதாகிக்கொண்டே போகிறாள். முகம் தெரியவில்லை. அவளுக்கு அங்கே என்ன தெரிகிறது என்று இங்கிருந்து பார்க்க முடியவில்லை. இவனுடைய காக்கி முதுகும் காதோரத்து நூலும்தான் தெரிகின்றன. இதைத் திருத்தச் சொல்ல வேண்டும். முடியும் இடத்தில் போய் இப்படியொரு தவறா?

என்ன? தவறு இல்லையா? வேண்டுமென்றே வைத்ததா? அரசி உங்களிடம் சொன்னாளா? சரி. சொல்லியிருக்கலாம். உங்களிடம் சொல்லுவாள்.

கண்ணில் ஒன்றும் இல்லை. திரையை உற்றுப் பார்த்தால் நீர் வருகிறது. இது இந்த விளையாட்டின் இன்னொரு குறை. எழுத்துகளும் மிகச் சிறியவை.

தாண்டிவிட்டேன் அல்லவா? நீங்கள் சாட்சி. சூழ்ச்சி ஏதும் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது, வாசல் தாண்டக்கூடியதுதான். இனி எனக்கு உரிமை உண்டு. ‘போகாதே’ என்று சொல்ல முழு உரிமை உண்டு. அவள் சத்தியம் செய்திருக்கிறாள். நான் சொன்னால் போக மாட்டாள். பையை மடித்து வைத்துவிட்டு இருந்துவிடுவாள். அவளை எனக்குத் தெரியும்.

தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம். அவளுடையதுதான், அதன் இருமல் எனக்குத் தெரியும். ருக்குமணி, விளக்கைப் போடு.

தம்பி, நீங்கள் ஓர் உதவி செய்யுங்கள். அந்த மடிக்கணினியை மூடிவிட்டு இங்கே வாருங்கள். இந்த நாற்காலியை அந்தப் பக்கம் ஒரு கை பிடியுங்கள். கனமானது, தேக்கு. வாசலை விட்டு ஓரமாக, அந்த ஜன்னலுக்குக் கீழே. மெதுவாக. கால் தரையில் உரசக் கூடாது.

எதற்கு என்றா? காற்று வரட்டும் என்றுதான். வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கிறது.

கேட்டீர்களா, ருக்குமணி சொல்வதை? “இத்தன வருசமா வராத காத்து இன்னைக்குத்தான் வருதாக்கும்?” என்கிறாள்.

ஆமாம், இன்றைக்குத்தான் வருகிறது. நீ போய் அடுப்பைப் பார். தம்பி, நீங்களும் சற்று விலகி நில்லுங்கள். வழியில் நிற்காதீர்கள்.